மீட்டர்காரர் சொன்ன நாலு எண்

அத்தியாயம் 11

கோபம் வந்தால் சிலர் தட்டைத் தூக்கி எறிவார்கள். சிலர் கதவை அறைந்து சாத்துவார்கள். நம் சின்னவன் போனை எடுக்கமாட்டான். பெரியவள் கூப்பிட்டால் அவன் எடுக்காமல் இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது.

கடைசியாக அவன் அக்காவிடம் சொன்னது ஒரே வாக்கியம். "உனக்கு அப்பா எதுக்கு வேணும்? டி.வி. பாக்கத்தானே!"

அந்த வாக்கியம் பெரியவளுக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. காரணம், அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் அவள் திருப்பி நாலு வார்த்தை கேட்டுவிட்டு மறந்திருப்பாள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு சுருக்கம். பெரியவளும் அவள் கணவரும் வெளிநாட்டுக்கு வந்து ஏழு வருடம். அவள் ஒரு கண் மருத்துவமனையில் பரிசோதனை உதவியாளர், அவர் லிப்ட் மெக்கானிக். ஊரில் அப்பா, சின்னவன் குடும்பத்தோடு இருக்கிறார். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அப்பா மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவர், தெருவில் அவர் பெயர் இன்றைக்கும் மீட்டர்காரர்தான். ஆன்லைனில் நம் ஊர்த் தொடர்களைப் பார்க்கும் சந்தா அவர் பெயரில் இருக்கிறது. அதைத்தான் இங்கே பெரியவள் வீட்டு டி.வி.யிலும் போட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் வாரம் தவறாமல் அந்த டி.வி. இவர்களை வெளியே தள்ளிவிடும். 'சந்தாதாரர் போனில் வரும் ஆறு எண்களை அழுத்தவும்' என்று கறுப்புத் திரையில் ஆறு கட்டம் போட்டுக் காட்டும். உடனே அவள் அப்பாவைக் கூப்பிடுவாள். அவர் எண்ணைச் சொல்வார். அதன்பிறகு இருவரும் அரை மணி நேரம் தொடரைப் பற்றிப் பேசுவார்கள்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். இங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்த இவர்கள் இருவரின் பாஸ்போர்ட்டுகளும் போன வாரம் முதல் அரசு அலுவலகத்தில் கிடக்கின்றன. எப்போது திரும்பி வரும் என்று கேட்டால், வரும்போது வரும் என்கிறார்கள்.

இனி இன்றைய செவ்வாய்க்கிழமை.

காலை ஏழு மணி. இங்கே ஏழு என்றால் ஊரில் பகல் பதினொன்றரை. பெரியவள் காபியோடு சோபாவில் உட்கார்ந்து டி.வி.யைப் போட்டால், ஆறு கட்டம்.

"மறுபடியுமா?" என்றார் மெக்கானிக். அவருக்கு இன்று மதியம்தான் வேலை. "போன செவ்வாய்தானே நம்பர் போட்டோம்? வாரா வாரம் விரதம் மாதிரி வருதே!"

"நீங்க சும்மா இருங்க. இன்னிக்காவது அந்தக் கதவு திறக்குதான்னு பாக்கணும்."

கதவு என்று அவள் சொன்னது தொடரில் வரும் கதவு. காணாமல் போன மூத்த மருமகள் திரும்பி வந்து வாசல் கதவைத் தட்டி நான்கு எபிசோடு ஆகிவிட்டது. உள்ளே இருக்கும் ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவராவது எழுந்து போய்த் திறக்க வேண்டுமே!

அப்பா முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லும்மா. நம்பரா?"

"ஆமாப்பா. வந்திருக்கா பாருங்க."

"வந்திருக்கு. எழுதிக்கோ. ஏழு, நாலு, ரெண்டு, ஒண்ணு."

அவள் ரிமோட்டோடு காத்திருந்தாள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"ஆறு எண்ணுப்பா. நாலுதான் சொன்னீங்க."

"இருக்கிறதைத்தானே சொல்ல முடியும்? நாலுதான் இருக்கு."

சரி, பாதி வந்து நின்றிருக்கும் என்று அவள் புது எண் கேட்டாள். இந்த முறை "ஒம்பது, பூஜ்யம், நாலு, ஏழு" என்றார். அதுவும் நாலு. மூன்றாவது முறை, "ஆறு, மூணு, எட்டு, அஞ்சு." மெக்கானிக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மாமாவுக்கு இன்னிக்கு முப்பது சதவீதத் தள்ளுபடி போல."

"அப்பா, கண்ணாடி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள் பெரியவள். அதைக் கேட்டிருக்கக் கூடாது.

"போட்டிருக்கேன்!" அவர் குரல் ஏறியது. "முப்பத்தாறு வருஷம் மாடிப்படிக்கு அடியிலயும் மாட்டுக்கொட்டாய்லயும் டார்ச் அடிச்சுப் பார்த்து ரீடிங் எடுத்தவன் நான். ஒருத்தன், ஒரே ஒருத்தன், நம்பர் தப்புன்னு ஆபீஸ்ல வந்து நின்னதில்ல. எனக்கு நீ எண்ணச் சொல்லித்தர்றியா?"

"அதுக்கில்லப்பா..."

"வை. எனக்கு வேலை இருக்கு. மூணு மணிக்கு வாலைக் கூட்டிட்டு வரணும்."

வாலு என்பது சின்னவனின் மகள். இரண்டாம் வகுப்பு. தினமும் பள்ளி விட்டதும் தாத்தாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, அன்றைய வகுப்புச் சண்டையை ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வருவாள்.

போன் வைக்கப்பட்டது. டி.வி., மூன்று முறை தவறாகிவிட்டது, ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள் என்றது. பெரியவள் காபியை அப்படியே வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

பேருந்தில் அவளுக்கு மனசே சரியில்லை. அப்பாவுக்குக் கோபம் வருவது புதிதல்ல, மூக்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும். ஆனால் எண் விஷயத்தில் அவர் பிசகிப் பார்த்ததே இல்லை. அம்மா இருந்த காலத்தில் ரேஷன் கார்டு எண், கேஸ் எண், வீட்டில் எல்லோருடைய போன் எண் என எல்லாம் அவர் நாக்கு நுனியில்தான் இருந்தன. 'வயசாகுது' என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த வார்த்தையே அவளுக்கு இன்னும் கொஞ்சம் பயத்தைக் கொடுத்தது.

அவளுடைய வேலை ஓர் இருட்டறையில். வருகிறவரை நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைத் தாங்கியில் பொருத்தி, ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் பார்க்கச் சொல்வாள். நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. பார்வை அதிலேயே நிற்க வேண்டும். சுற்றிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்ன வெளிச்சங்கள் வந்து போகும். வெளிச்சம் தெரியும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். கடைசியில் ஒரு தாள் அச்சாகி வரும். பார்வை இருக்கும் இடம் வெள்ளை, இல்லாத இடம் கறுப்பு. ஒரு நாளைக்குப் பதினைந்து பேர். அவர்களிடம் பேசிப் பேசி, "நடுவுல பாருங்க, தேடாதீங்க" என்பதை அவள் தூக்கத்திலும் சொல்வதாக மெக்கானிக் கேலி செய்வதுண்டு.

இன்று பத்து பத்துக்கு ஒரு லாரி ஓட்டுநரின் தாள் வந்தது. இரண்டு கண்ணிலும் இடப்பக்கம் முழுக்கக் கறுப்பு. நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி இருந்தது.

"கண்ணுல ஒண்ணுமே இல்லைங்க," என்றார் ஓட்டுநர். "நல்லாத்தான் தெரியுது. கம்பெனிலதான் சும்மா அனுப்பிட்டாங்க. ரெண்டு தடவை வண்டி உரசிடுச்சாம், அதுக்குப் போயி."

தாளை டாக்டரிடம் கொண்டுபோகும் வழியில் அவள் போன் அதிர்ந்தது. மெக்கானிக் ஒரு படம் அனுப்பியிருந்தார். அப்பாவின் மின்னஞ்சல் பெட்டி. அதை அவருக்குத் தொடங்கிக் கொடுத்ததே பெரியவள்தான், கடவுச்சொல் வீட்டுக் குறிப்பேட்டில் இருக்கிறது.

படத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்தார்: 'இதோ பார், அதே நம்பர் மெயில்லயும் வருது! இதை விட்டுட்டு ஏன் வாரா வாரம் மாமாவைத் தொந்தரவு பண்றோம்? மனுஷன் முதல் ரெண்டை முழுங்கிட்டார், அவ்வளவுதான்.'

மின்னஞ்சலில் வருவது பெரியவளுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தேதான் அப்பாவைக் கூப்பிடுகிறாள். அம்மா போன பிறகு, சும்மா கூப்பிட்டால் "சாப்டீங்களா", "ம்", "மாத்திரை போட்டீங்களா", "ம்" என்று இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். எண் கேட்டால் அப்பா நிமிர்ந்து உட்காருவார். இதை அவள் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள்.

587421. அப்பா சொன்னது 7421.

369047. அப்பா சொன்னது 9047.

126385. அப்பா சொன்னது 6385.

மூன்று முறையும் முதல் இரண்டு எண்கள் இல்லை. முதல் என்றால் இடப்பக்கம். ஒரு முறைகூட வலப்பக்கத்து எண் தவறவில்லை.

ஒரு கையில் ஓட்டுநரின் தாள், இன்னொரு கையில் போன். நடைவழியில் அப்படியே நின்றுவிட்டாள். அப்பா எண்ணை முழுங்கவில்லை. அவருக்கு அது தெரியவே இல்லை.

அவள் நீட்டிய தாளையும் போனையும் டாக்டர் மாறி மாறிப் பார்த்தார். அதிகம் பேசாதவர், இன்றும் அதிகம் பேசவில்லை.

"இது கண்ணுல இல்ல, மூளைல. ரத்தக்குழாய் அடைச்சிருக்கலாம். உங்கப்பாவும் இன்னிக்கே, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். தனியா விடாதீங்க. முக்கியமா, வண்டி ஓட்ட விடவே கூடாது."

பெரியவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து பதினெட்டு. ஊரில் இரண்டு நாற்பத்தெட்டு. மூன்று மணிக்கு அவர் ஸ்கூட்டரை எடுப்பார். போகும்போது தனியாக. வரும்போது பின்னால் வாலு.

அப்பாவைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடியும் எடுக்கவில்லை. காலையில் பட்ட கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது, இல்லை போனை வேறு அறையில் போட்டுவிட்டாரோ.

சின்னவனைக் கூப்பிட்டாள். இரண்டு முறை மணி அடித்ததும் துண்டித்தான். மறுபடி கூப்பிட்டாள், துண்டித்தான். பத்தொன்பது நாள் வீம்பு, இருபதாவது நாளுக்குத் தயாராக இருந்தது. 'அப்பாவுக்கு இடப்பக்கம் பார்வை இல்லை, வண்டி எடுக்க விடாதே' என்று செய்தி அனுப்பினாள். ஒற்றை டிக்கோடு நின்றது. அவன் மனைவி வேலை செய்யும் ஆய்வகத்துக்குள் போனே கொண்டுபோகக் கூடாது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டு மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது.

"மாமா இப்ப என்ன பண்ணிட்டிருப்பார்?"

"இந்த நேரத்துக்குத் தொடர் பாப்பார். அது முடிஞ்சதும் செருப்பை மாட்டுவார்."

"இரு." அவர் மின்னஞ்சலில் இருந்து சந்தாக் கணக்குக்குள் போயிருந்தார். "ஆமா. ஹால் டி.வி. ஓடிட்டிருக்குன்னு காட்டுது. நம்ம கதவு தட்டுற எபிசோடுதான்."

பிறகு பெரியவள் சொன்னாள்:

"அந்த டி.வி.யை வெளியே தள்ளுங்க."

"என்னது?"

"நம்ம டி.வி.யை அது தள்ளுற மாதிரி அப்பா டி.வி.யைத் தள்ளுங்க. பட்டியல்ல இருந்து எடுத்துடுங்க. நின்னுபோனா அவர் என்னைத்தான் கூப்பிடணும். வேற யாருக்கும் அது தெரியாது."

"அவர் கோபப்பட்டுட்டு அப்படியே கிளம்பிட்டா?"

"கதவு திறக்கிறதைப் பாக்காம கிளம்பமாட்டார். எடுத்து விடுங்க!"

அவர் அழுத்தினார். 'மாற்றம் நடைமுறைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகலாம்' என்று வந்ததாம். சில நிமிடங்கள்! ஊரில் இரண்டு ஐம்பத்து மூன்று. இரண்டு ஐம்பத்து நாலு. பெரியவள் போனை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே காத்திருந்த அடுத்த நோயாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைக் கண்டு, தானாகவே மூடிக்கொண்டு போனார்.

இரண்டு ஐம்பத்தேழுக்குப் போன் அடித்தது. அப்பா.

"ஏம்மா, என்ன பண்ணித் தொலைச்சீங்க? டி.வி. நின்னுபோச்சு. இங்க என் வீட்லயே ஆறு கட்டம் கேக்குது!"

அந்தக் கோபக் குரலைக் கேட்டு அவளுக்கு அழுகை முட்டியது. விழுங்கிக்கொண்டாள்.

"சரி பண்ணித் தரேன்ப்பா. உக்காந்துதானே இருக்கீங்க?"

"உக்காரவா? நேரமாச்சு, செருப்பு மாட்டப் போறேன்."

"ரெண்டு நிமிஷம். எதிர்ல காலண்டர் இருக்கில்ல? இந்த வார வரிசையை நேராப் பாத்துப் படிங்க. கிழமையும் தேதியும்."

"இது எதுக்கு இப்ப?"

"டி.வி. கேக்குது." வாயில் வந்ததைச் சொன்னாள்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். மீட்டர் பார்க்கிற பழைய குரல் வந்தது. "புதன், பதினாலு. வியாழன், பதினஞ்சு. வெள்ளி, பதினாறு. சனி, பதினேழு. போதுமா?"

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி ஒண்ணும் இல்லையே."

"இன்னிக்கு என்ன கிழமைப்பா?"

"செவ்வாய்."

"செவ்வாய் எங்கப்பா? திங்கள் எங்கே? ஞாயிறு எங்கே?"

காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும் போனில் வந்தது. பெரியவள் காத்திருந்தாள். நோயாளிகளிடம் காத்திருப்பது அவளுக்குப் பழக்கம்தான், ஆனால் அப்பாவிடம் முடியவில்லை.

"அச்சடிக்க விட்டிருப்பான்," என்றார் அப்பா. சொல்லும்போதே குரல் தேய்ந்துவிட்டது.

"அப்பா, எப்போ இருந்து?"

"ஞாயித்துக்கிழமை காலைல தலை கனமா இருந்துச்சு. அதுல இருந்து இந்தக் கதவு நிலைல இடிச்சுக்கிட்டே இருக்கேன். இடது தோள் கன்னிப்போச்சு. நேத்து வாலோட வரும்போது ஒரு சைக்கிள்காரன் திடீர்னு முளைச்சான். அவன்தான் ஒழுங்கா வரலைன்னு திட்டிட்டு வந்தேன்." அவர் நிறுத்தினார். "அவன் இடப்பக்கம்தான் வந்தான்."

நேற்றே. வாலை வைத்துக்கொண்டே. பெரியவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டிச் சாவியைக் கீழ்வீட்டு டெய்லர் அக்காகிட்டக் குடுங்க. சுவத்தைப் பிடிச்சு இறங்குங்க. போனை வைக்காதீங்க."

"வாலு நிக்கும்மா பள்ளிக்கூட வாசல்ல..."

"டெய்லர் அக்கா ஆட்டோல போய்க் கூட்டிட்டு வருவாங்க. நீங்க இறங்குங்க."

அவர் இறங்கினார். படிக்குப் படி பெரியவள் போனில் கேட்டாள். பதினெட்டுப் படி. மீட்டர்காரர் ஒவ்வொன்றையும் எண்ணினார், அவள் கேட்டுக்கொள்ளாமலே.

டெய்லர் அக்கா கெட்டிக்காரப் பெண்மணி. முழுக் கதையும் கேட்காமல் மிஷினை நிறுத்தினாள், அப்பாவை உட்கார வைத்தாள், தன் கணவரைப் பள்ளிக்கு அனுப்பினாள், தன் போனில் இருந்து சின்னவனைக் கூப்பிட்டாள். டெய்லரின் போன் என்றதும் சின்னவன் உடனே எடுத்தான்! இருபது நிமிடத்தில் வீட்டு வாசலில் நின்றான்.

பெரியவளை டாக்டரே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். லாரி ஓட்டுநரின் மனைவி வந்து கணவனைக் கைப்பிடித்து அழைத்துப் போவதைப் பார்த்துக்கொண்டே அவள் வெளியேறினாள்.

மெக்கானிக் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தார். அவள் வந்ததும், "டிக்கெட் பாக்கட்டுமா?" என்று ஆரம்பித்தவர், அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த அலுவலகத்துக்கு ஏழு முறை போன் செய்தார்கள். ஏழு முறையும் ஓர் இயந்திரக் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது.

இங்கே பன்னிரண்டரைக்குச் சின்னவன் கூப்பிட்டான். பத்தொன்பது நாள் கழித்து அவனே கூப்பிட்டான்.

"அக்கா."

"சொல்லுடா."

"ஸ்கேனுக்கு உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க. பேசறார், நடக்கறார். நர்ஸ்கிட்ட மீட்டர் கதை சொல்லிட்டிருந்தார்." அவன் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "நான் ஒரே வீட்ல இருக்கேன்க்கா. மூணு நாளா தோள்ல இடிச்சுக்கறார், பாத்துட்டு 'நிதானமா நடங்கப்பா'ன்னு சத்தம் போட்டேன். நீ எங்கேயோ இருந்துட்டுக் கண்டுபிடிச்சிருக்கே."

"நான் எங்கடா கண்டுபிடிச்சேன். நம்பர் வரலைன்னு எரிச்சல்தான் பட்டேன்." அவள் குரலும் உடைந்தது. "அவர் டி.வி.யை நான்தான் நிறுத்தினேன். அவர்கிட்ட சொல்லிடு."

அவன் சிரித்தானா, அழுதானா என்று தெரியவில்லை.

"சொன்னேன். அதுக்கு என்ன சொன்னார் தெரியுமா? 'என் வித்தையை என்கிட்டயே காட்டிட்டாளா'ன்னு கேட்டார். உன் டி.வி. வாரா வாரம் தானா நின்னுபோகுதுன்னா நெனச்சே? அப்பாதான்க்கா. திங்கக்கிழமை ராத்திரி சாப்பிட்டதும் போனை எடுத்து வச்சுக்கிட்டு, பட்டியல்ல உன் டி.வி.யைத் தேடி எடுத்து விட்டுடுவார். வாலுதான் சொல்லிக்குடுத்திருக்கா. ஏன் தாத்தான்னு கேட்டிருக்கா. 'இல்லேன்னா அத்தை ஏன் என்னைக் கூப்பிடப் போறா'ன்னு சொல்லியிருக்கார். எனக்கே இன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வர்ற வழியிலதான் தெரியும்."

அவளிடம் எண் இருந்தும் அவரைக் கேட்டாள். அவர் எண் கேட்க வைத்துவிட்டுக் காத்திருந்தார். இரண்டு வருடமாக இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"நான் அன்னிக்குச் சொன்னது..." என்று இழுத்தான் சின்னவன்.

"விடுடா."

"டாக்டர் கூப்பிடறார். அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டான்.

அந்த 'அப்புறம்' வரவே இல்லை. ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது. சின்னவன் போன் எடுக்கவில்லை. இது வீம்பில்லை என்று இப்போது அவளுக்குத் தெரியும், அதனால் பயம் இன்னும் கூடியது. டாக்டரோடு இவ்வளவு நேரம் என்ன பேச்சு? நல்ல செய்தி என்றால் ஒரு வார்த்தை போதுமே.

மெக்கானிக் அவளை ஏதாவது பார்க்கச் சொல்லி டி.வி.யைப் போட்டார். காலையில் மின்னஞ்சலில் இருந்து எண்ணை எடுத்து அவரே உள்ளே நுழைந்திருந்தார். மூத்த மருமகள் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே ஏழு பேரும் அசையவில்லை. பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் மனதில் ஏறவில்லை.

சோபா ஓரத்தில் இருந்த வீட்டுப்பெரியவர், கடைசியில், எழுந்தார். கதவை நோக்கி நடந்தார். தாழ்ப்பாளில் கை வைத்தார்.

திரை கறுப்பானது.

ஆறு கட்டம்.

"அடச்சே!" என்றார் மெக்கானிக். "இன்னிக்குப் பாத்தா..." என்றவர் பாதியில் நிறுத்தி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

பெரியவள் எழுந்து நின்றிருந்தாள். போனைத் தேடினாள், கையிலேயே இருந்தது.

முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்தார்.

"சொல்லும்மா," என்றார் அப்பா. குரல் சன்னமாக இருந்தது. பின்னால் ஏதோ கருவி பீப் பீப் என்றது. "நம்பரா?"

"ஆமாப்பா," என்றாள். கண்ணீர் தாடையில் இறங்கிக்கொண்டிருந்தது. "நம்பர்தான்."

"எழுதிக்கோ. ஆனா இந்தத் தடவை நான் பின்னாடி இருந்து சொல்றேன். எனக்குத் தெரியற பக்கத்துல ஆரம்பிச்சு அப்படியே தடவிக்கிட்டுப் போறேன். ஆறு இருக்கணும். எண்ணிக்கோ."

மெக்கானிக் மின்னஞ்சலைத் திறந்து அவள் முன் நீட்டினார். 407319. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு காகிதத்தில் ஆறு கட்டம் போட்டு, கடைசிக் கட்டத்தில் பேனாவை வைத்தாள்.

"ஒம்பது," என்றார். "ஒண்ணு. மூணு." சற்று மூச்சு வாங்கினார். "ஏழு."

நாலு எண் ஆயிற்று. காலையிலும் நாலுதான்.

பீப், பீப் என்று கருவி. தலையணையில் தலை உரசித் திரும்பும் சத்தம் கேட்டது.

"பூஜ்யம்," என்றார்.

அவள் எழுதினாள். ஒரே ஒரு கட்டம் மிச்சம்.

நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. தூரத்தில் சின்னவனின் குரல், யாரிடமோ தணிந்து பேசிக்கொண்டு அறைக்குள் நுழைந்தது. "அப்பா, போனைக் குடுங்க, டாக்டர் வந்திருக்கார்" என்றான்.

"இருடா," என்றார் அப்பா. பிறகு போனில், இன்னும் மெதுவாக:

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா. அது இருக்குன்னு தெரியுது. தேடிட்டிருக்கேன். வச்சிடாதே."

"வைக்கலைப்பா," என்றாள் பெரியவள். "நீங்க தேடுங்க. நான் இருக்கேன்."